தூசி தட்டிய வரைபடம்

அந்தப் போனை உள்ள வைங்கம்மா. அது காட்டற வழியை நம்பி பஸ்ஸை விட்டு இறங்கினீங்கன்னா நட்ட நடு வயல்ல போய் நிப்பீங்க. சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இருபது வருஷமா மேப் போடறதுதான் எனக்கு வேலை. எந்த மேப் எங்க பொய் சொல்லுதுன்னு பார்த்த உடனே தெரிஞ்சிடும் எனக்கு.

ஐயோ, பென்சில் ஸ்கேல் எல்லாம் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல. பைத்தான்னு ஒரு புரோகிராம் பாஷை இருக்கு. அதுல மேப் வரையறதுக்குன்னே ஒரு லைப்ரரி. லைப்ரரின்னா புத்தகம் அடுக்கி வைக்கிற இடம் இல்ல, யாரோ புண்ணியவான் முன்னாடியே எழுதி வச்ச புரோகிராம். நாம பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்து வேலை செய்யும். கரையை வரைன்னு ஒரு வரி. ஆத்தை வரைன்னு ஒரு வரி. நிலத்துக்கு இந்தக் கலர், தண்ணிக்கு இந்தக் கலர்னு ஒரு வரி. அவ்வளவுதான், ஜில்லா வந்து திரையில நிக்கும். எங்க மாமியார் வாசல்ல கோலம் போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு ஜில்லாவை முடிச்சிடுவேன். அவங்களுக்கு அதுல வேற வருத்தம்.

அதுல ஒரு நம்பர் கொடுக்கணும். கேளுங்க, இதுதான் முக்கியம். இத்தனை சதுர கிலோமீட்டரை விடச் சின்னதா இருக்கிற தீவு, திட்டு, குட்டை எதையும் வரைய வேண்டாம்னு சொல்ற நம்பர். அதைக் கொடுக்கலைன்னு வைங்க, ஆத்து நடுவுல இருக்கிற மணல் மேடு, இறால் குட்டை, செத்தை சேர்ந்த இடம் எல்லாம் புள்ளி புள்ளியா வந்து நிக்கும். பத்தாம் வகுப்புப் பையன் மூஞ்சி மாதிரி இருக்கும் மேப். நான் எப்பவும் ஒண்ணுன்னு கொடுப்பேன். ஒண்ணுக்குக் கீழ இருக்கிறது எனக்குத் தூசி.

ஆபீஸ்ல அதுக்கு அப்படித்தான் பேரு. தூசி தட்டறது. நான் வச்ச பேரு. ஒரு மேப் வெளிய போகணும்னா, நான் சீட்டை விட்டு எழுந்து நின்னு "தூசி தட்டியாச்சா?"ன்னு கேப்பேன். எல்லாரும் சேர்ந்து "தட்டியாச்சு மேடம்!"னு சொல்லணும். ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்கும். புதுசா வர்றவங்க முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் பழகிடும். வேலை செய்யற இடம் கலகலன்னு இருக்கணும் இல்லையா? சுகந்தி மேடம் டீம்னா கலகலப்புன்னு எங்க எம்.டி.யே எத்தனையோ தடவை சொல்லியிருக்கார்.

அந்தக் கலகலப்புக்குள்ளதான் இளவழகன்னு ஒரு பையன் வந்து சேர்ந்தான். சேர்ந்தான் என்ன, நான்தான் சேர்த்தேன். இன்டர்வியூல நாலு பேர், மத்த மூணு பேரும் அவனை விட நல்லா இங்கிலீஷ் பேசினாங்க. நான்தான் பாவமா இருக்கான்னு எடுத்தேன். இதை அவன் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டான். சொல்லுவானா?

அவன் ஊர் கொக்குத்திட்டு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நீங்க என்ன, நானே கேள்விப்பட்டதில்ல. ஆறு கடலுக்குப் போற வழியில ரெண்டாப் பிரிஞ்சு சேருது பாருங்க, அந்த நடுவுல ஒரு மண்திட்டு. அதுல எழுபது எண்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாரியம்மன் கோயில். மல்லாட்டையும், அதான் நிலக்கடலை, முல்லைப்பூவும் போடுவாங்களாம். கரைக்கு வரணும்னா படகுதான். எந்த ஜில்லான்னு கேக்காதீங்க, விசாரணை நடக்குது. அந்த ஜில்லாவுக்குத்தான் எங்க கம்பெனி வெள்ள மேப் போட்டுக் கொடுத்தது. ஆத்துல எவ்வளவு தண்ணி திறந்தா எந்த ஊர் முழுகும், படகு எங்க நிறுத்தணும்னு காட்டற மேப். பெரிசா அச்சடிச்சு வெள்ளக் கட்டுப்பாட்டு அறைச் சுவர்ல மாட்டறதுக்கு.

முதல் தடவை மேப்பைத் திரையில போட்டேன். நல்ல வெளிர் பச்சை நிலம், ஆறு அப்படியே பட்டுப்புடவை பார்டர் மாதிரி வளைஞ்சு போகுது. எனக்கே பெருமையா இருந்தது. பின்னாடி இருந்து ஒரு குரல். "மேடம், எங்க ஊரு வரலையே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவன் எழுந்து வந்து திரை மேல விரலை வச்சான். விரல் வச்சா கறை விழும்னு தெரியாதா? "இங்கதான் மேடம். நம்பரைப் பாதியாக் குறைச்சா வந்துடும்"னான். நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், "இளவழகன், உங்க ஊர் வந்தா ஊர்ல இருக்கிற இறால் குட்டை எல்லாம் கூடவே வருமேப்பா. ஒரு ஊருக்காக ஜில்லாவையே அசிங்கப்படுத்த முடியுமா?" எல்லாரும் சிரிச்சாங்க. அவனும்தான் சிரிச்சான். சிரிச்சானா இல்லையான்னு இப்போ கேளுங்க, இல்லைம்பான்.

விட்டானா? மறுநாள் பார்க்கறேன், ஆத்து நடுவுல ஒரு சிவப்புப் புள்ளி. தனியா ஒரு வரி எழுதி, அட்சரேகை தீர்க்கரேகை போட்டு, பேரோட வச்சிருக்கான். நான் அந்த வரியை எடுத்தேன். அடுத்த வாரம் திரும்பவும் இருந்தது, எடுத்தேன். அவன் வைக்க, நான் எடுக்க, ஆபீஸ்ல எல்லாருக்கும் அது ஒரு விளையாட்டாவே போச்சு. காலையில வந்த உடனே "மேடம், கொக்கு வந்து உட்கார்ந்திருக்கு"ம்பாங்க. "விரட்டிட்டேன்"பேன் நான். அவனைக் கொக்குன்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. நான் கூப்பிடல. சிரிச்சிருப்பேன், அவ்வளவுதான்.

எங்க ஆபீஸ்ல இன்னொரு பழக்கம் உண்டு. யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், அவங்க ஊர் மேப்பை நாங்களே வரைஞ்சு பேக்கரியில கொடுத்து கேக் மேல அச்சடிச்சு வாங்குவோம். எனக்குக் கும்பகோணம் போட்டாங்க, மகாமகக் குளம் கூட அழகா வந்திருந்தது. இளவழகன் பிறந்தநாள் வந்தது. டீம்ல எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்கறாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவன் ஊர் இருக்கிற இடத்தைப் பெரிசு பண்ணி, அதே ஒண்ணு நம்பரைக் கொடுத்து வரைஞ்சேன். என்ன வரும்? தண்ணிதான் வரும். கேக் முழுக்க நீலம். டப்பாவைத் திறந்ததும் ஆபீஸே ஆடிப்போச்சு சிரிப்புல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா.

அந்த நேரம் பார்த்து அவங்க அப்பா வீடியோல கூப்பிட்டார். முண்டாசு கட்டிக்கிட்டு, பின்னாடி மாடு நிக்குது. பிள்ளை ஆபீஸ்ல கேக் வெட்டறதைப் பார்க்கணும்னு அந்த மனுஷன் சிக்னல் கிடைக்கிற இடமாத் தேடி கரை மேல நின்னிருக்கார். அவன் போனைக் கேக்குப் பக்கம் திருப்பினான். "என்னடா தம்பி, ஒரே நீலமா இருக்கு?"ன்னார் அவர். "நம்ம ஊரு மேப்புப்பா"ன்னான். "ஊரு எங்கடா?"ன்னார். இவன், "கத்தி வச்ச இடத்துல இருந்துச்சுப்பா, வெட்டிட்டேன்"னான். "அப்ப மேடத்துக்கு முதத் துண்டு குடு"ன்னார் அவர். மரியாதை தெரிஞ்ச மனுஷன். அவன் கொண்டுவந்து கொடுத்தான், நானும் சாப்பிட்டேன். நான் பிரிச்சுப் பார்க்கிறவளா இருந்தா அவன் கையால வாங்கிச் சாப்பிட்டிருப்பேனா? சொல்லுங்க.

மேப் போச்சு. சுவர்ல மாட்டினாங்க. அதிகாரி ரொம்பச் சுத்தமா இருக்குன்னு பாராட்டினார்.

போன வருஷம் ஐப்பசியில மழை எப்படிப் பெய்ஞ்சதுன்னு ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. அணையில இருந்து தண்ணி திறந்துட்டாங்க. கட்டுப்பாட்டு அறையில இருந்தவங்க எல்லாம் வெளி ஜில்லாக்காரங்க, ஸ்பெஷல் டியூட்டி. அவங்களுக்கு ஆறும் தெரியாது ஊரும் தெரியாது. மேப்பைப் பார்த்துத்தான் படகு அனுப்பறாங்க. என் மேப்பை! அதுல எனக்கு இப்பவும் பெருமைதான். மேப்ல இருந்த ஊர் ஒண்ணுல கூட உயிர்ச்சேதம் இல்லம்மா. இதை எந்தப் பேப்பர்லயாவது எழுதினாங்களா? எழுதல.

அன்னிக்கு மத்தியானம் நான் சாப்பிட டப்பாவைத் திறக்கறேன், இளவழகன் ஓடி வர்றான். செருப்பு ஒரு கால்லதான் இருக்கு.

"மேடம், ஊருக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. எல்லாரும் பள்ளிக்கூட மாடியில நிக்கறாங்க. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் பண்ணா, அங்க ஊரே இல்லை, ஆறுதான் இருக்குங்கறாங்க மேடம். மேப்ல இல்லைங்கறாங்க. எங்கப்பா போன் பண்ணதுக்கு, பயத்துல உளறாதீங்க பெரியவரே, நீங்க இருக்கிறது எந்தக் கரைன்னு பார்த்துச் சொல்லுங்கன்னு வச்சிட்டாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா நம்புவாங்க. அந்த எடத்துல ஊரு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

நான் என்ன கல்லா? எனக்கும் பதறத்தான் செஞ்சது. "உட்காருப்பா, முதல்ல தண்ணி குடி"ன்னேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. வெள்ளம் ஓடிக்கிட்டு இருக்கு, நான் போனைப் போட்டு எங்க மேப்ல ஒரு ஊர் விட்டுப்போச்சுன்னு சொல்றேன்னு வைங்க. என்ன ஆகும்? அப்போ மத்த இடமும் தப்பா இருக்குமோன்னு சந்தேகம் வருமா வராதா? மொத்த மேப்பையும் தூக்கிப் போட்டுட்டு இஷ்டத்துக்குப் படகை விடுவாங்க. நூறு ஊரைப் பார்க்கிறதா, ஒரு ஊரைப் பார்க்கிறதா? அதுவும் இல்லாம மேப்பை மாத்தறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. திருத்தம் எழுதணும், எம்.டி. பார்க்கணும், புதுப் பதிப்பு எண் போட்டு அனுப்பணும். எம்.டி. அன்னிக்குன்னு பார்த்து அவர் மச்சினன் கல்யாணத்துல இருக்கார். கல்யாண வீட்டுல போய் மனுஷனைத் தொந்தரவு பண்ணுவாங்களா?

"வெள்ளம் வடியட்டும், அடுத்த திருத்தத்துல முதல் வேலையா உங்க ஊரைப் போட்டுடறேன். இது என் வாக்கு"ன்னு சொன்னேன். அவன் கால்ல விழுந்தான்மா. ஆபீஸ் நடுவுல. எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. எல்லாரும் பார்க்கிறாங்க, நான் ஏதோ கொடுமைக்காரி மாதிரி.

அதோட போச்சான்னா இல்ல. எழுந்து போனவன், அவன் சீட்டுல உட்கார்ந்து நம்பரைக் குறைச்சு மேப்பைத் திரும்ப வரைஞ்சு, கொக்குத்திட்டுக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அவன் பேர்லயே கட்டுப்பாட்டு அறைக்கு மெயில் பண்ணிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல! எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த அறையில இருந்து உடனே எனக்குப் போன். "மேடம், உங்க கம்பெனியில இருந்து இன்னொரு மேப் வந்திருக்கே, எதைப் பார்க்கறது?"ன்னு. குரல்லயே குழப்பம். அதுவும் அவன் போட்ட மேப்பைப் பார்த்தேன், சகிக்கல. குட்டையும் திட்டுமா ஒரே அழுக்கு. எழுத்து மேல எழுத்து ஏறிக் கிடக்கு. அவசரத்துல போட்டா அப்படித்தான் இருக்கும்.

நான் பதட்டப்படல. பொறுப்பான இடத்துல இருக்கிறவங்க பதட்டப்படக்கூடாது. "அது எங்க அங்கீகாரம் பெற்ற மேப் இல்ல. சுவர்ல இருக்கிறதையே பாருங்க"ன்னு சொன்னேன். சொன்னதை மெயில்லயும் போட்டேன். வாயால சொன்னதுக்கு நாளைக்கு யார் சாட்சி? நான் எப்பவும் எழுத்துல வச்சுக்கிறவ. அதான் இப்போ எனக்கே வினையா நிக்குது, அது வேற விஷயம்.

அவன் அதுக்குள்ள போனும் கையுமா வராந்தாவுல நடக்கறான். எதிர்க்கரை மீனவங்க யாரையோ பிடிச்சுக் கெஞ்சறான். கடைசியில அவங்கதான் போயிருக்காங்க, ரெண்டு வள்ளத்துல. அந்த இழுப்புல அவங்க போனது பெரிய விஷயம்தான், நான் இல்லைன்னு சொல்லல. பிள்ளைங்க முதல்ல, பொம்பளைங்க அடுத்தது, அப்படி அப்படியா இருட்டற வரைக்கும் ஏத்தியிருக்காங்க. இவங்க அப்பா கடைசியா வர்றேன்னு நின்னிருக்கார். யார் நிக்கச் சொன்னாங்க? வள்ளம் திரும்பி வர்றதுக்குள்ள பள்ளிக்கூடச் சுவர் ஒரு பக்கம் சாய்ஞ்சிடுச்சு. மாடியோட போயிட்டார் மனுஷன்.

எழுபது எண்பது வீட்டுல ஒரே ஒருத்தர்தான்மா. அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஒரே ஒருத்தர்.

எனக்கும் துக்கம்தான். அந்த முண்டாசு கட்டின முகம் ரெண்டு நாள் கண்ணுக்குள்ளயே இருந்தது. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி ஒரு மாலை அனுப்பினேன். பெரிய மாலை. அதைத் திருப்பி அனுப்பிட்டான். செத்தவங்களுக்கு அனுப்பின மாலையைத் திருப்பி அனுப்புவாங்களா எங்கயாவது? அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவன் மனசுல ஏதோ வச்சிருக்கான்னு.

வச்சுக்கிட்டுத்தான் இருந்தான். காரியம் முடிஞ்ச கையோட, நான் போட்ட அந்த மெயிலைக் கட்டுப்பாட்டு அறையில இருந்தே வாங்கி, புகாரோட கலெக்டர்கிட்டக் கொண்டுபோய்க் கொடுத்துட்டான். புகார்ல என் பேர் மட்டும். படகு அனுப்பாதவன் பேர் இல்ல, அணையைத் திறந்தவன் பேர் இல்ல, இடிஞ்சு விழுந்த பள்ளிக்கூடத்தைக் கட்டின கான்ட்ராக்டர் பேர் இல்ல. சுகந்தி. பாவம்னு வேலை கொடுத்த சுகந்தி. எங்க எம்.டி. இருக்காரே, அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, "விசாரணை முடியற வரைக்கும் வீட்டுல ரெஸ்ட் எடுங்க"ங்கறார். டீம்ல ஒருத்தர் போன் பண்றதில்ல. சேர்ந்து சிரிச்சவங்கதானே அத்தனை பேரும்? இப்போ விசாரணையில போய், "கொக்குன்னு கூப்பிட்டது எங்களுக்குப் பிடிக்கலை, மேடத்துக்குப் பயந்துதான் சிரிச்சோம்"னு சொல்லியிருக்காங்க. மனுஷங்களைப் பத்தி என்ன சொல்றது போங்க.

வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா எனக்கு? கையும் காலும் பரபரங்குது. போன வாரம் புது சாட்டிலைட் படம் வந்திருக்குன்னு எடுத்து, அந்த ஜில்லாவையே திரும்ப வரைஞ்சு பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். சரி, அவன் ஆசைப்பட்ட மாதிரியே வரைவோம்னு அந்த நம்பரை எடுத்துட்டு ஜீரோ போட்டேன். ஜீரோ! என் வாழ்க்கையில போட்டதில்ல. எல்லாம் வந்தது. குட்டை வந்தது, மணல் மேடு வந்தது, எவனோ போட்டு வச்ச செங்கல் சூளை கூட வந்தது.

கொக்குத்திட்டு வரலம்மா.

பெரிசு பண்ணிப் பார்த்தேன். பழைய படத்தையும் புதுப் படத்தையும் மேல மேல வச்சுப் பார்த்தேன். இல்லவே இல்ல. அந்த வெள்ளத்துலயும் அதுக்கு அடுத்த வெள்ளத்துலயும் ஆறு அறுத்து அறுத்துக் கொண்டு போயிடுச்சு போல. பள்ளிக்கூடம் இருந்த இடம், கோயில் இருந்த இடம், எல்லாம் நீலம். என் மேப் எப்படி இருந்ததோ அச்சா அப்படியே இருக்கு ஆறு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஒரு வருஷம் முன்னாடியே நான் சரியாத்தான் போட்டிருக்கேன். இப்போ யார் வந்து தப்புன்னு சொல்வாங்க?

அந்த ஊர் ஜனத்தை எல்லாம் மேட்டுப் பக்கம் தகரக் கொட்டாய் போட்டுக் குடி வச்சிருக்காங்களாம். அங்கதான் போறேன். இன்னிக்கு அவங்க அப்பாவுக்கு முதல் வருஷ திதி. எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாங்க, தனித்தனியா விளக்க வேண்டியதில்ல பாருங்க. மேப்பை நடுவுல விரிச்சு வச்சு, "பாருப்பா இளவழகன், எங்க இருக்கு உங்க ஊர்? நீயே விரலை வச்சுக் காட்டு"ன்னு கேக்கப் போறேன். படிச்ச பையன். கண்ணால பார்த்தா புகாரை வாபஸ் வாங்கிடுவான். என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு கூட நான் எதிர்பார்க்கல. கேட்டா மன்னிச்சிடுவேன்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? வெறுங்கையோட போறேன்னா? சேச்சே. அவங்க அம்மாவுக்குன்னு தனியா ஒரு பெரிய மேப் எடுத்துட்டுப் போறேன். ஆறு மட்டும் தெரியற மாதிரி, நல்ல நீலத்துல. தகரக் கொட்டாய், மழை பெய்ஞ்சா ஒழுகும்னு யோசிச்சு லேமினேட் பண்ணியே வாங்கிட்டேன். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.